ஆக்சஸ் டேட்டாபேஸ் ஓடும் ஆபீஸில் ஓட்டையை அடைப்பது: எதை முதலில், எதைப் பிறகு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பியது, டச் (வெள்ளியின் தூய்மை) என்ன, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி யாருக்கு என்று எல்லாமே மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் செய்த ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் அப்போது கல்லூரி மாணவர். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை. கோப்பு மட்டும் தினமும் காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது.

சேலத்தில் நான் போய்வரும் பாதி ஆபீஸ்களின் நிலைமை இதுதான். அம்மாபேட்டை நூல் கடையில் பாவு கணக்கு, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு லோடு கணக்கு, ஏற்காடு எஸ்டேட்டில் காபி பறிப்பவர்களின் மஸ்டர் (வருகைப் பதிவேடு).

2025 ஜனவரி 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திரத் திருத்தங்களில் ஆக்சஸுக்கு மட்டும் மூன்று ரிமோட் கோட் எக்ஸிக்யூஷன் (தூரத்திலிருப்பவரின் கட்டளை நம் கம்ப்யூட்டரில் ஓட வழிவிடும்) ஓட்டைகள் அடைக்கப்பட்டன. ஓட்டைகளுக்குக் கொடுக்கும் சிவிஇ பதிவு எண்களில் சொன்னால்: சிவிஇ-2025-21186, சிவிஇ-2025-21366, சிவிஇ-2025-21395. மூன்றுக்கும் தீவிர மதிப்பு பத்துக்கு 7.8. திருத்தம் வரும் முன்பே மூன்றும் வெளியே தெரிந்துவிட்டிருந்தன. அந்தத் திருத்தம் இன்னும் ஏறாத கம்ப்யூட்டர்களை நான் இப்போதும் பார்க்கிறேன்.

இந்த வேலையைப் புதிதாகச் செய்பவர்கள் நேராக அப்டேட் பட்டனில்தான் கை வைப்பார்கள். அப்டேட் முடிந்து பழைய ஃபார்ம் (பதிவு போடும் திரை) திறக்க மறுக்கும். பேக்அப் இருக்காது. முதலாளி கத்துவார். அப்டேட்டை நீக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் யாரும் அப்டேட் என்ற பேச்சையே எடுக்க முடியாது. கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக.

1. 'ரிமோட்' என்றால் என்ன என்று முதலில் தெளிவாகுங்கள்

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலரும் யாரோ தூரத்தில் உட்கார்ந்து நம் சர்வருக்குள் நுழைவதாக நினைக்கிறார்கள். "எங்க ஆபீஸ்ல சர்வரே நெட்ல இல்லீங்க, எங்களுக்கு வராது" என்ற பதிலும் உடனே வரும்.

இங்கே 'ரிமோட்' என்பது தாக்குபவர் இருக்கும் இடத்தை மட்டும்தான் குறிக்கிறது. தாக்குதல் நடப்பது உங்கள் மேசையில். அவர் ஒரு கோப்பைத் தயார் செய்து அனுப்புவார், உங்கள் ஆள் அதைத் திறப்பார். திறந்த நிமிடத்தில் ஆக்சஸ் தடுமாறி, அந்தக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையை உங்கள் ஆளின் பெயரிலேயே ஓட்டிவிடும்.

ஆகவே ஃபயர்வால் வாங்குவதில் தொடங்காதீர்கள். அப்டேட் பாதி வேலை. வெளியிலிருந்து வரும் டேட்டாபேஸ் கோப்பை யாரும் திறக்கத் தேவையே இல்லாதபடி ஆபீஸ் பழக்கத்தை மாற்றுவது மறுபாதி. இரண்டாவதைச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு. இது இல்லாமல் போய் ஓமலூர் ரோட்டில் ஒரு முழு மதியத்தை வீணாக்கியிருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மென்பொருளை வாங்கிய மின்னஞ்சல் கணக்கும் அதன் பாஸ்வேர்டும். மறுபடி நிறுவ வேண்டிவந்தால் இது இல்லாமல் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

காலியான ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு நோட்டு, ஒரு பேனா. கணக்கெடுப்பைக் கம்ப்யூட்டரில் எழுதாதீர்கள். பிரச்சினை வந்தால் முதலில் போவது அந்தக் கம்ப்யூட்டர்தான்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மைக்ரோசாஃப்ட் திருத்தங்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும், நம் நேரப்படி அன்று இரவு பத்தரை அல்லது பதினொன்றரைக்கு. அதாவது 8-ஆம் தேதியிலிருந்து 14-க்குள் ஏதோ ஒரு நாள். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு) போடுகிறவர்களுக்குக் கடைசி நாள் 11. இரண்டும் மோதும் மாதங்கள் வரும். அப்போது மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் பார்க்கும் கம்ப்யூட்டரை உடனே முடித்துவிடுங்கள், பில் மட்டும் போடும் கம்ப்யூட்டரை 12-க்குத் தள்ளுங்கள். தாக்குதல் கோப்பு வந்து சேர்வது முதல் கம்ப்யூட்டருக்கு என்பதால் இந்தப் பிரிவு நியாயமானது.

3. எங்கெங்கே ஆக்சஸ் இருக்கிறது என்று எண்ணுங்கள்

'எங்ககிட்ட ஆக்சஸ் ஒரே சிஸ்டத்துல தான்' என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய் 'ஆக்சஸ்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். மூன்று விதமாகக் கிடைக்கும்.

முழு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் தொகுப்போடு வந்த ஆக்சஸ். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது அங்கே இருக்கும், இரட்டைக் கிளிக்குக்குக் கோப்பைத் திறக்கும். திருத்த வேண்டியவற்றில் அதுவும் சேர்த்தி.

ஆக்சஸ் ரன்டைம். டிசைன் வசதி இல்லாத இலவசப் பதிப்பு, மற்றவர்கள் ஃபார்மைத் திறந்து பதிவு போட மட்டும் வைத்திருப்பார்கள். இலவசம் என்பதாலேயே இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது 'ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சின்', அதாவது வேறு மென்பொருள்கள் ஆக்சஸ் கோப்பைப் படிக்க உதவும் துண்டு. வேறு ஏதோ மென்பொருள் போடும்போது கூடவே வந்திருக்கும். எஞ்சின் 2010 இன்னும் எத்தனையோ இடத்தில் இருக்கிறது, அதற்கான ஆதரவு, அதாவது திருத்தம் வருவது, 2020 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இதைக் கண்ட உடனே நீக்கிவிடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் நீக்கி, ஒரு முழு நாள் எல்லா மென்பொருளையும் ஓட்டிப் பாருங்கள். எக்செல்லிலிருந்து இழுக்கும் ஏதாவது ஒரு வேலை நின்றால், அது யாருக்காக வந்தது என்று அப்போது தெரியும்.

அடுத்தது கோப்புகள். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' (கோப்புப் பெயரின் கடைசியில் வரும் வால்) என்பதை முதலில் டிக் செய்யுங்கள். அதன் பிறகு எம்டிபி (பழைய ஆக்சஸ் வடிவம்), ஏசிசிடிபி (புதிய வடிவம்) என்று முடியும் கோப்புகளை எல்லா டிரைவிலும் தேடுங்கள்.

இந்தத் தேடலில் ஆச்சரியங்கள் கிடைக்கும். ஜவ்வரிசி ஆலையில் விரல் ரேகை வைக்கும் வருகைப் பதிவு மென்பொருளின் அடியில் ஒரு எம்டிபி கோப்பு இருந்தது. அது ஆக்சஸ் என்று அங்கே யாருக்கும் தெரியாது. வாராவாரம் அதை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு சேலம் ஆபீஸுக்கு வந்து திறந்துகொண்டிருந்தார்கள். நோட்டில் எழுதுங்கள்: கோப்பின் பெயர், இருக்கும் இடம், யார் திறக்கிறார்கள், வெளியே போகிறதா, வெளியிலிருந்து வருகிறதா. கடைசி இரண்டும் 8, 10-ஆம் படிகளுக்கு வேண்டும்.

4. பேக்அப், அதுவும் எல்லோரும் வெளியே வந்த பிறகு

ஆக்சஸ் கோப்பு திறந்திருக்கும்போது அதன் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பு உருவாகும். எம்டிபிக்கு எல்டிபி, ஏசிசிடிபிக்கு எல்ஏசிசிடிபி. அந்தக் குட்டிக் கோப்பு இருக்கிறது என்றால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அது மறைந்த பிறகுதான் காப்பி எடுக்க வேண்டும்.

திறந்திருக்கும்போது எடுத்த காப்பியில் பாதி எழுதப்பட்ட பதிவு சிக்கிக்கொள்ளும். எனக்கு இது ஒரு மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. காப்பி எடுத்தேன், திறந்து பார்க்கவில்லை. தேவைப்பட்ட அன்று திறந்தால் 'அடையாளம் காண முடியாத வடிவம்' என்றது. பில் புக்கைப் பார்த்து மூன்று நாள் உட்கார்ந்து அடித்தோம்.

அதிலிருந்து என் வழக்கம் இது: காப்பியின் பெயரில் தேதி, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கடைசி பதிவைப் பார்ப்பது, பிறகே டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைப்பது. செருகியபடியே இருக்கும் டிஸ்க் பேக்அப் ஆகாது. உள்ளே நுழைந்த கெட்ட நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்ட ஆசை வரும். பேக்அப்புக்குப் பிறகு ஓட்டுங்கள், முன்னால் வேண்டாம். அது நடுவில் நின்றால் மூலக்கோப்பே கெடலாம்.

5. எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

ஆக்சஸைத் தனியாக, எந்தக் கோப்பும் இல்லாமல் திறந்து ஃபைல், அக்கவுண்ட், அபவுட் ஆக்சஸ். வரும் வரியில் பதிப்பு எண், பில்டு எண், 32 பிட்டா 64 பிட்டா என்பது மூன்றும் இருக்கும். மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

அதே அக்கவுண்ட் பக்கத்தில் 'அப்டேட் ஆப்ஷன்ஸ்' என்ற பட்டன் இருக்கிறதா? இருந்தால் அது கிளிக்-டு-ரன் வகை, ஆபீஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இல்லையென்றால் எம்எஸ்ஐ வகை, விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் திருத்தம் வரும். இதைப் பார்க்காமல் விண்டோஸ் அப்டேட்டை மட்டும் ஓட்டிவிட்டு 'முடிந்தது' என்று போகிறவர்கள் நிறைய. கிளிக்-டு-ரன் ஆபீஸை விண்டோஸ் அப்டேட் தொடவே தொடாது.

ஆதரவு முடியும் தேதிகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் 2007: 2017 அக்டோபர் 10. ஆபீஸ் 2010: 2020 அக்டோபர் 13. ஆபீஸ் 2013: 2023 ஏப்ரல் 11. ஆபீஸ் 2016, 2019 இரண்டும்: 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13.

ஆக 2025 ஜனவரித் திருத்தம் 2016, 2019 பதிப்புகளுக்கு உண்டு. 2013-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இல்லை.

6. அப்டேட்

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் தொடங்குங்கள். பெரும்பாலும் கணக்கு எழுதுபவரின் கம்ப்யூட்டர், ஏனென்றால் ஃபார்ம்களை எல்லாம் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.

கிளிக்-டு-ரன் என்றால் அப்டேட் ஆப்ஷன்ஸ், அப்டேட் நவ். எம்எஸ்ஐ என்றால் விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மற்ற மைக்ரோசாஃப்ட் தயாரிப்புகளுக்கான அப்டேட்டுகளையும் பெறு' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆன் செய்த பிறகு தேடச் சொல்லுங்கள். அந்த சுவிட்ச் ஆஃபில் இருந்தால் விண்டோஸ் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று பச்சை டிக் போட்டுக் காட்டும், ஆபீஸ் பழையதாகவே கிடக்கும். அந்தப் பச்சை டிக்கை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

முடிந்ததும் ரீஸ்டார்ட். மூடி வைக்கும் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ததாக எண்ண வேண்டாம். திறந்தபடி இருக்கும் ஆக்சஸ் பழைய நிரல் துண்டுகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு மறுபடி அபவுட் ஆக்சஸ் போய் பில்டு எண் மாறியிருக்கிறதா என்று நோட்டோடு ஒப்பிடுங்கள். அப்டேட் முடிந்தது என்பதற்கு எண் மாறியதுதான் சாட்சி.

இப்போது கணக்கு எழுதுபவரை உட்கார வைத்து ஒரு நாள் வேலையை ஓட்டச் சொல்லுங்கள். பில் பிரிண்ட், மாத அறிக்கை, தேடல் மூன்றையும் கட்டாயம். மறுநாள் மற்ற கம்ப்யூட்டர்கள்.

ஏற்காட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. மழை, மூடுபனி நாட்களில் மேலே நெட் நம்பி உட்கார முடியாது. பாதியில் நின்ற ஆபீஸ் அப்டேட்டைச் சரிசெய்வது முதலிலிருந்து போடுவதைவிடத் தொல்லை. சேலத்தில் இருக்கும்போதே மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் டெப்ளாய்மென்ட் டூல் வைத்து முழுத் தொகுப்பையும் டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் அங்கே நிறுவுவது என் வழக்கம். இறக்கும்போது அதே பிட், அதே மொழி, அதே அப்டேட் சேனல் என்று மூன்றும் மேலே இருப்பதோடு பொருந்த வேண்டும். ஒரு முறை 64 பிட்டை இறக்கிக்கொண்டு போய், அங்கே இருந்தது 32 என்று தெரிந்து, டீ குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். பறிப்பு நடக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை சம்பள நாளுக்கு முந்தின நாள் கை வைக்க வேண்டாம்.

7. திருத்தம் வராத பழைய பதிப்பு இருந்தால்

இங்கேதான் ஆபீஸ்காரர்களோடு பேச்சு நீளும். 'ஓடுதே தம்பி, எதுக்குக் காசு?' என்பார் முதலாளி. அவர் சொல்வதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் பதிப்பை மாற்றினால் பழைய கோப்பு சில இடங்களில் முரண்டு பிடிக்கும்.

இரண்டு முரண்டுகள் அடிக்கடி வருபவை. கோப்பு ஆக்சஸ் 97 வடிவத்தில் இருந்தால் 2013-உம் அதற்குப் பிந்தையவையும் அதைத் திறக்கவே திறக்காது. 2010-ஐயோ அதற்கு முந்தையதையோ வைத்துப் புது வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பதிப்பை ஏற்ற வேண்டும். பழையதை முதலில் நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்.

இரண்டாவது, 32 பிட் காலத்தில் எழுதிய விபிஏ (ஆக்சஸுக்குள்ளேயே எழுதும் நிரல்மொழி) நிரலில் விண்டோஸை நேரடியாக அழைக்கும் வரிகள் இருந்தால், 64 பிட் ஆபீஸில் திறந்ததும் பிழை காட்டும். நிரலைத் திருத்த ஆள் இல்லையென்றால் புது ஆபீஸையே 32 பிட்டாக நிறுவுங்கள். அதற்குத் தடை எதுவும் இல்லை.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் முழு ஆக்சஸ் வாங்கவும் தேவையில்லை. டிசைன் செய்பவருக்கு ஒன்று முழுதாக, மற்றவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 365-இன் இலவச ஆக்சஸ் ரன்டைம். செலவு பாதிக்கும் கீழே வரும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் நான் பெரும்பாலும் சம்மதம் வாங்குகிறேன்.

அதற்கும் வழியில்லையென்றால் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மின்னஞ்சல், பிரவுசர், வாட்ஸ்அப் மூன்றையும் நிறுத்தி, இன்டர்நெட் இல்லாமல் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறைத் தீர்வுதான். பென் டிரைவ் வழி அப்படியே திறந்திருக்கும்.

8. கோப்பு உள்ளே வரும் வழிகளை அடையுங்கள்

2025 ஜனவரித் திருத்தத்தோடு ஏசிசிடிபி, ஏசிசிடிஇ, ஏசிசிடிடபிள்யூ, ஏசிசிடிடி, ஏசிசிடிஏ, ஏசிசிடிஆர், ஏசிசிடியூ என்று ஏழு வகைக் கோப்புகள் மின்னஞ்சல் இணைப்பாக வருவதையே மைக்ரோசாஃப்ட் தடுத்தது. பழைய எம்டிபியை அவுட்லுக் வெகு காலமாகவே தடுக்கிறது.

தடுப்பு இருக்கிறதே என்று நம் ஆட்கள் சும்மா இருப்பதில்லை, ஜிப் போட்டு அனுப்புவார்கள். கொலுசுப் பட்டறைக்கு அப்படி ஒன்று வந்தது. ஜிப்புக்குள் 'பேலன்ஸ் ஷீட்' என்று பெயர், எக்செல் கோப்பின் வால், அதற்குப் பின்னால் ஏசிசிடிபி. எக்ஸ்டென்ஷன் காட்டும் டிக் போட்டிருந்ததால்தான் கணக்கெழுதும் அக்காவுக்கு இரண்டாவது வால் தெரிந்தது. "ஆடிட்டர் ஆபீஸ்லருந்துன்னு நெனச்சேன் சார், ஆனா அவங்க எப்பவும் எக்செல்தானே அனுப்புவாங்க, இதுல செவப்பு ஏ படம் இருந்துச்சு" என்று போனில் கேட்டார். மூன்றாம் படியில் அந்த டிக்கைப் போடச் சொன்னதன் பலன் அது.

இணையத்திலிருந்து இறங்கும் கோப்பில் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று விண்டோஸ் ஒரு மறைவான முத்திரை குத்தும். மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் தானியங்கிக் கட்டளை) ஓடலாமா கூடாதா என்று ஆபீஸ் முடிவெடுப்பது அதைப் பார்த்து. அந்த முத்திரை மூன்று இடங்களில் தொலையும்.

பென் டிரைவ் ஒன்று. முத்திரை என்டிஎஃப்எஸ் என்ற முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில்தான் தங்கும். கடையில் வாங்கும் பென் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறை, அதில் ஏறி இறங்கினால் முத்திரை போய்விடும். இரண்டாவது, ஜிப் பிரிக்கும் மென்பொருள். 7-ஜிப்பில் முத்திரையைத் தவறவிடும் ஓட்டை ஒன்று (சிவிஇ-2025-0411) 24.09 பதிப்பில்தான் சரியானது, அதற்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். மூன்றாவது மனிதக் கை: ப்ராப்பர்ட்டீஸ் போய் 'அன்பிளாக்' டிக் செய்வது. யாரோ ஒரு தடவை சொல்லிக்கொடுத்த இந்த வித்தையை எல்லாக் கோப்புக்கும் செய்யும் ஒருவர் ஒவ்வொரு ஆபீஸிலும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, அருகில் உட்கார்ந்து, பொறுமையாகப் பேசுங்கள்.

9. 'எனேபிள் கன்டென்ட்' எதைக் காக்கும், எதைக் காக்காது

வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் மூன்றிலும் வெளியிலிருந்து வந்த கோப்பு மஞ்சள் பட்டையோடு ப்ரொடெக்டட் வியூவில் திறக்கும், அதாவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். ஆக்சஸில் அந்தப் பெட்டி கிடையாது. ஆக்சஸ் காட்டும் மஞ்சள் பட்டை வேறு: கோப்பு ஏற்கெனவே திறந்துவிட்டது, மேக்ரோவும் விபிஏயும் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று அதற்குப் பொருள்.

இந்த வித்தியாசம் தெரியாமல் 'நான் எனேபிள் அழுத்தவே இல்லையே' என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 2025 ஜனவரி ஓட்டைகளைப் போன்றவற்றுக்கு மேக்ரோ தேவையில்லை. கோப்பைப் படிக்கும்போதே ஆக்சஸ் நினைவகத்தில் செய்யும் தவறுதான் வழி. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால், கோப்பு திறந்ததும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் மேக்ரோ ஓடாது, ஆனால் நினைவகத் தவறை ஷிஃப்ட் தடுக்காது. 'ஷிஃப்ட் புடிச்சுத் திறந்து பார்த்துட்டேன், ஒண்ணும் இல்ல' என்று சொல்லும் சிஸ்டம்காரரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மேக்ரோ வழியையும் அடைத்தாக வேண்டும். ஆக்சஸின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் 'டிரஸ்டட் லொகேஷன்ஸ்' (நம்பகமான இடங்கள்) போய் உங்கள் டேட்டாபேஸ் இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் சேருங்கள். அங்கிருந்து திறந்தால் மஞ்சள் பட்டை வராது. தினமும் பட்டையைப் பார்த்து தினமும் எனேபிள் அழுத்தும் கைக்கு ஒரு நாள் தவறான கோப்பிலும் அழுத்திவிடத் தோன்றும். சொந்தக் கோப்புக்குப் பட்டையே வராது என்று ஆகிவிட்டால், பட்டை வரும் நாளில் அவர் நின்று பார்ப்பார்.

டவுன்லோட்ஸையோ டெஸ்க்டாப்பையோ நம்பகமான இடமாகச் சேர்த்துவிடாதீர்கள். வெளிக்கோப்பு வந்து விழும் இடமே அதுதான்.

கூடவே, தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத சாதாரண விண்டோஸ் கணக்கு. உள்ளே நுழைந்த நிரலுக்குத் திறந்தவரின் அதிகாரம்தான் கிடைக்கும்.

10. உங்கள் கோப்பு வெளியே பயணம் போவதை நிறுத்துங்கள்

நூல் கடையிலிருந்து ஆடிட்டருக்கு மாதாமாதம் முழு டேட்டாபேஸும் போகும். அவர் சில திருத்தங்கள் செய்து திருப்பி அனுப்புவார், இவர்கள் அதையே பழையதன் மேல் போட்டுக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் இருக்கும்வரை 'வெளியிலிருந்து வரும் ஆக்சஸ் கோப்பைத் திறக்காதே' என்று எழுதி ஒட்டியும் பயனில்லை. மாதம் ஒரு தடவை திறக்கத்தானே செய்கிறார்கள்.

முதலில் கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். டேட்டாபேஸ் டூல்ஸ், மூவ் டேட்டா பகுதியில் ஆக்சஸ் டேட்டாபேஸ். அட்டவணைகள் மட்டும் உள்ள பின்கோப்பு சர்வர் ஃபோல்டரில், ஃபார்மும் அறிக்கையும் உள்ள முன்கோப்பு ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனிக் காப்பியாக. பிரிக்கும்போது சர்வரின் பெயரோடு தொடங்கும் முழு முகவரியைக் கொடுங்கள். இசட் டிரைவ் என்று கொடுத்தால், அடுத்த கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டர் ஒய் டிரைவாக இருக்கும், எதுவும் திறக்காது. பின்கோப்பை வைஃபை வழியாகத் தொடாதீர்கள். சிக்னல் ஒரு நொடி விட்டாலும் கோப்பு கெடலாம். எஸ்டேட் பங்களாவின் கல் சுவருக்கு அந்தப் பக்கம் ரவுட்டரை வைத்துவிட்டு ஆக்சஸைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, ஆடிட்டருக்குத் தேவையான அறிக்கைகளை மட்டும் எக்ஸ்டர்னல் டேட்டா வழியாக எக்செல்லாகவோ சிஎஸ்வியாகவோ எடுத்து அனுப்புங்கள். சிஎஸ்வியில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் ஏற்றுமதி விசார்டில் அட்வான்ஸ்டு அழுத்தி, கோட் பேஜை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகும். பழைய கோப்பில் பெயர்கள் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால் கேள்விக்குறிக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை, இதோடு கலக்க வேண்டாம்.

ஆடிட்டர் செய்யும் திருத்தங்களை எக்செல்லில் ஒரு பட்டியலாகக் கேளுங்கள், உங்கள் ஆள் பார்த்து உள்ளே போடட்டும். நூல் கடையில் இந்த மாற்றத்துக்கு இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். மூன்றாவது மாதம், ஆடிட்டர் எதை மாற்றினார் என்று முதல்முறையாகக் கண்ணால் பார்த்ததில் முதலாளிக்கே பிடித்துப்போனது.

11. யாராவது திறந்துவிட்டால்

திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், உங்களுக்குத் தெரியவரும்போது ஒரு வாரம் ஆகியிருக்கும்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மற்ற கம்ப்யூட்டருக்கும் சர்வர் ஃபோல்டருக்கும் பரவாமல் இருக்க முதல் வேலை அதுதான். கம்ப்யூட்டரை ஆஃப் செய்ய வேண்டாம், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். வந்த கோப்பை அழிக்கவும் வேண்டாம், மறுபடி திறக்கவும் வேண்டாம். மின்னஞ்சல் வந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினால் புது பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சம்பவத்தை மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி கம்பெனிகளுக்கு இதற்கான கெடு தெரிந்த நேரத்திலிருந்து 6 மணி நேரம். அவர்களின் உதவி எண் 1800-11-4949. இரண்டு எண்களையும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள், அன்றைக்குத் தேட நேரம் இருக்காது.

கம்ப்யூட்டரை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவி, 6-ஆம் படியை அதற்கும் முடித்த பிறகே பேக்அப்பைக் கொண்டுவாருங்கள். கோப்பைத் திறந்த நாளுக்கு முந்தைய தேதியுள்ள காப்பியை எடுங்கள். அதற்குப் பிறகு போட்ட பதிவுகளைக் காகிதத்திலிருந்துதான் ஏற்ற வேண்டிவரும். கொலுசுப் பட்டறையில் எடை நோட்டை இன்னும் கையால் எழுதுகிறார்கள், வெள்ளி போகும்போது ஒரு வரி, வரும்போது ஒரு வரி. கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று நான்தான் ஒரு காலத்தில் கேட்டேன். இப்போது அந்த நோட்டை நிறுத்த விடுவதில்லை.